டைட்டானியப் பிடிக்கு நீலம் ஏற்றிய ஆறு வாரங்கள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அல்ல. நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களை என் பக்கம் சாய்ப்பது எப்படி என்று பதினான்கு வயதிலிருந்து பயின்றவன் நான். சாட்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. நடந்ததைப் பார்த்தால் போதும். நடந்தது இதுதான்: என் நண்பன் விழுப்புரத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தான். நான் திண்டிவனத்தில் என் வீட்டில் இருந்தேன். இடையில் ஒரு மணி நேரப் பயணம். ஆறு வாரங்கள் நான் அந்தப் பயணத்தை மேற்கொள்ளவில்லை.

எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த ஆண்டில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். அவன் முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில் சேர்ந்து, மூன்றாண்டுகள் விவாதப் போட்டிகளில் ஒரே அணியில் வாதிட்டோம். நான் தொடங்குவேன், அவன் முடிப்பான். நான் கையை வீசி, குரலை ஏற்றி இறக்கிப் பேசுவேன். அவன் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவான். கோப்பை வாங்கும்போது மட்டும் என்னை முன்னால் தள்ளிவிடுவான்.

"நீயே வாங்குடா. போட்டோல எனக்குப் பல்லு மட்டும்தான் தெரியுது."

அவன் கைவிட்டிருந்த அந்தப் பைக்குள் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். கப்பலில் வேலை பார்த்த அவன் சித்தப்பா கொடுத்தது. விலையுயர்ந்த கத்தி. பிடியின் இரு பக்கமும் டைட்டானியம். பள்ளிக்கூட மைப்புட்டியின் நீலம். இரும்புக்குரிய எடையும் இல்லை, சில்லிப்பும் இல்லை. போட்டிகளுக்குப் போகும் பேருந்தில் அதைக் கொண்டு கொய்யாவை நான்காக அரிந்து, மிளகாய்ப்பொடி தடவிப் பெரிய துண்டை எனக்குத் தருவான்.

இறுதித் தேர்வு முடிந்த கையோடு, அவனுக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்த அன்று நான் உடனிருந்தேன். கத்தியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னான். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று அவன் வீட்டிலும் சொல்வார்கள், என் வீட்டிலும் சொல்வார்கள்.

"இங்க வச்சிருந்தா, எனக்கு நானே ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு நர்ஸம்மா பயந்துப்பாங்க. நீ வச்சிக்கோ. அடுத்த வாட்டி வரும்போது எடுத்துக்கினு வா."

மறுவாரம் திண்டிவனத்தில் ஒரு கூட்டம், நான் பேச்சாளன். மைக் ஸ்டாண்டு நிற்காமல் தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. திருகை இறுக்க ஆள் தேடினார்கள். நான் பையிலிருந்து கத்தியை எடுத்து, மடக்கிய பிடியால் அந்தத் திருகை ஓங்கித் தட்டினேன். இறுகிவிட்டது. கீழே அமர்ந்திருந்த கல்லூரி இளையவர்கள் கைதட்டினார்கள். மேலும் இரண்டு முறை தட்டினேன். அந்த இரண்டும் கைதட்டலுக்காக.

பேசி இறங்கிய பிறகே பிடியைப் பார்த்தேன். வலப்பக்கத்தில் குறுக்காக மூன்று கீறல்கள். நீலம் உரிந்து, உள்ளே வெளிறிய சாம்பல் உலோகம் தெரிந்தது.

"தட்டிட்டேன்டா, மன்னிச்சிக்கோ." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. எதிரணி ஒரு பிழையைச் சுட்டினால் அதை வேறொரு கேள்வியாக மாற்றிவிடக் கற்றவன் நான். பிழையைப் பிழை என்று ஏற்கும் பயிற்சி எனக்கு எந்த மேடையிலும் வாய்க்கவில்லை. ஆகவே, கீறலே இல்லாத கத்தியைத்தான் அவன் முன் வைப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை அவனைப் பார்க்கப் போவதில்லை.

பிடியின் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை. வீட்டுத் திருப்புளிகள் எதுவும் பொருந்தவில்லை. பேருந்து நிலையத்தருகே செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன்.

"இன்னா தம்பி, போன் கடைக்குக் கத்தியைத் தூக்கிக்கினு வந்துட்டீங்க?" என்றார் கடைக்காரர். நான் காரணத்தை விளக்கத் தொடங்கினேன். "பேசாதீங்க, உள்ள சின்ன சின்ன வாஷர் இருக்குது. தும்முனா போச்சி."

பிடியைத் தனியாகக் கழற்றித் தந்தார். பெயின்ட் கடையில் மூன்று தரத்தில் வாட்டர் பேப்பர் வாங்கினேன். அதைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, தண்ணீர் விட்டு, பிடியை அதன்மேல் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். டைட்டானியம் எளிதில் இணங்காது. ஒரு கீறல் மறைய இரண்டு நாள் பிடித்தது; விரல் நுனிகள் மரத்துப்போயின. வலப்பக்கம் வழவழப்பானதும் வேறொரு கவலை பிறந்தது: ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் அவன் கண்டுபிடித்துவிடுவான். கீறலே இல்லாத இடப்பக்கத்தையும் தேய்த்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தான்.

"எப்ப வர்ற?"

"அடுத்த வாரம்டா. எம்.ஏ. நுழைவுத் தேர்வு வருது. நோட்ஸ் எடுத்துக்கினு இருக்கேன்."

"நீ நோட்ஸ் எடுக்கிறியா? ஒடம்பு சரியில்லாதது உனக்கா எனக்கா?"

இனி நிறம். டைட்டானியத்தில் நீலம் பூசப்படுவதில்லை, மின்சாரத்தால் வரவழைக்கப்படுகிறது. இணையத்தில் பார்த்துக் கற்றேன். ஆப்ப சோடா கரைத்த நீர். அதில் ஓர் எவர்சில்வர் கரண்டி, எதிரே பிடி. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் மூன்றைக் கோத்து இரண்டுக்கும் இணைப்புக் கொடுத்தால், உலோகம் முதலில் செம்பழுப்பாகி, ஊதாவாகி, நீலத்துக்கு வரும். முதல் முறை, கழுவிய பிடியை நீரில் இறக்கும் முன் அறியாமல் தொட்டுவிட்டேன். நீலத்தின் நடுவே என் கட்டைவிரல் ரேகை பழுப்பாக நின்றது. மறுபடி வாட்டர் பேப்பர். மறுபடி ஒரு வாரம்.

இரண்டாம் முறை, நீலம் இன்னும் அழுத்தமாக வரட்டும் என்று நான்காவது பேட்டரியைச் சேர்த்தேன். நீலம் வந்து, கண்ணெதிரே கடந்து, வெளிறிப்போனது. பேட்டரியைக் குறைத்தேன். அது திரும்பவில்லை. இந்த உலோகத்தில் நிறம் முன்னோக்கி மட்டுமே நகரும். கடந்ததைப் பெற வேண்டுமானால், எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினேன்.

ஐந்தாம் வாரம் மறுபடி அழைத்தான். குரல் மெலிந்திருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"கத்தி இல்லன்னாலும் பரவால்லடா. நீ வந்துட்டுப் போ."

நான் மூன்று காரணங்கள் சொன்னேன். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கும்படி, இடையில் எதிர்க்கேள்வி நுழைய இடமில்லாதபடி சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான்.

"நல்லா பேசறடா" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

ஆறாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நீலம் சரியாக வந்தது. இரு பக்கமும் ஒரே நீலம். கடைக்காரர் பிடியைப் பூட்டித் தந்து, "ஷோரூம்ல வாங்குன மாதிரி இருக்குது" என்றார். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் எண்ணிலிருந்து அழைப்பு. "கிளம்பிட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். பேசியது அவன் உறவினர் ஒருவர். விடியற்காலையில் போய்விட்டான் என்றார்.

அடக்கத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பதினைந்து நிமிடங்கள். கல்லறைத் தோட்டத்தில் நின்றிருந்தவர்கள் அழுதார்கள். பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எங்கள் நட்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஆறு வாரங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கத்தி என் பையில்தான் இருந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து, அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முன் மேசையில் கத்தியை வைத்தேன். எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாருது தம்பி?"

"அவனோடதுதான்மா."

"அவன்து இப்பிடி இருக்காதேப்பா. கட்ட வெரல் வைக்கிற எடம் தேஞ்சி வெள்ளையா இருக்கும். துணி தொவைக்கறப்ப நான்தானே பாக்கெட்லேர்ந்து எடுத்து வைப்பேன்."

தேய்ந்திருந்த இடம் இடப்பக்கம். நான் வழவழப்பாக்கிய பக்கம்.

அப்போதுதான் சொன்னேன். மைக் ஸ்டாண்டு, கைதட்டல், மூன்று கீறல்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"தெரியும்பா. அந்தக் கூட்டத்துக்குப் போன பசங்க ரெண்டாம் நாளே வந்து சொல்லிட்டானுங்க. அவனுக்கு ஒரே சிரிப்பு. 'பாரும்மா, இந்தக் கீறலுக்கு முக்கா மணி நேரம் வெளக்கம் கொடுப்பான், நான் படுத்துக்கினே கேக்கப் போறேன்'னான். பக்கத்து பெட்டுக்காரர்கிட்டகூட சொல்லி வச்சிருந்தான், எங்க ஊட்டு வக்கீலு வரப் போறாருன்னு. சாயங்காலம் பார்வை நேரம் வந்தா போதும், வாசப் பக்கமே பாத்துக்கினு கெடப்பான்."

அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. அப்படியொன்று இருந்திருந்தால், அதற்குப் பதில் சொல்லவாவது எனக்குத் தெரிந்திருக்கும். அவர் கத்தியை முந்தானையால் ஒருமுறை துடைத்து, அவன் புத்தகங்களின் மேல் வைத்தார். உறவினர்கள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை ஏற்றாமல், அவரிடம் சொன்னேன்:

"அம்மா, இனிமே என்னை யாராவது வான்னு கூப்பிட்டா, கையில இருக்கிறது ஒடஞ்சிருந்தாலும் அப்படியே எடுத்துக்கினு அன்னிக்கே போய் நிப்பேன்மா."