ரப்பர் செடியின் நாற்பத்தைந்து வருடங்கள்

கிழக்கு ஜெர்மனியில், எங்கள் ஸ்டைன்கிரண்ட் ஊரில் ஒரு கைக்கடிகாரத்தை இரண்டு முறை பூட்டுவார்கள். பூட்டி, சில நாள் ஓடவிட்டு, சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் மெருகேற்றி மறுபடியும் பூட்டுவார்கள். ஓடுகிற கடிகாரத்தை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்பவர் வெளியூர்க்காரர்.

சீக்மார் குளுட்டிக் எங்கள் ஊர்க் கடிகார ஆலையில் நாற்பத்தேழு வருடம் இந்த வேலையைச் செய்தார். வீட்டில் மனைவியின் தையல் இயந்திரத்தையும் அப்படித்தான் பழுது பார்ப்பார்.

"ஒரு தடவை பூட்டினா ஓடாதா?" என்பார் மனைவி ரோஸ்விதா.

"ஓடும். ஆனா அதுமேல எனக்கு நம்பிக்கை வராது."

நான் ட்ரவுடல், அதே ஆலையில் காபி வண்டி தள்ளுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வந்தேன். வண்டி தள்ளுகிறவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கும் அதுதான் வசதி.

போர் முடிந்த பிறகு ஆலையைக் கம்யூனிச அரசு எடுத்துக்கொண்டது. பெர்லின் சுவர் விழுந்ததும் மேற்கிலிருந்து வந்தவர்கள் அதை வாங்கி, கிரானெர்ட் என்ற பழைய முதலாளிக் குடும்பத்தின் பெயரைத் திரும்ப வைத்தார்கள். வாசல் நடைக்கூடத்தில் நிறுவனத்தின் வரலாற்றைச் சுவர் நீளத்துக்கு மாட்டினார்கள். 'கான்சல்' வரிசை தூதர்களுக்காகப் பிறந்ததாம். 'எல்பே' வரிசை கப்பல் தலைவர்களுக்காகவாம். எல்பே ஆற்றில் அன்றும் இன்றும் சுற்றுலாப் படகுதான் ஓடுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பலகை, பித்தளை எழுத்து. 1945 பலகைக்கு அடுத்த பலகை 1990. நடுவில் இருந்த வெற்றிடத்தில் ஒரு பெரிய ரப்பர் செடியை வைத்திருந்தார்கள்.

2006இல் குளுட்டிக் ஓய்வு பெற்றபோது அந்தச் சுவர் முன்னால்தான் அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். இயக்குநர் டாக்டர் ஹால்வெக், "நாற்பத்தேழு வருட உழைப்புக்கு நன்றி" என்று வாசித்தார். குளுட்டிக் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"டாக்டர், இதுல முப்பத்தொரு வருஷம் நான் இந்தச் செடிக்குள்ளயா உக்காந்து வேலை பார்த்தேன்?"

"அந்தக் காலம் வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்கும், ஹெர் குளுட்டிக்."

"எனக்குக் குழப்பமா இல்லியே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் அவருக்கு ஒரே ஆசை: அந்தச் செடி நகர வேண்டும், அந்த இடத்தில் அவர்கள் பூட்டிய கடிகாரமும் பூட்டியவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஆறு வருடம் கழித்து எழுபதுகளின் பாணிக்குத் திடீரென்று மவுசு வந்தது. 1977இல் எங்கள் ஆலை செய்த தானியங்கிக் கடிகாரத்தை விலை உயர்ந்த புது வரிசையாகக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அதன் வரைபடங்கள் 1991 குளிரில் கொதிகலனுக்குள் போயிருந்தன. பழைய கடிகாரங்களை வெளிச்சந்தையில் வாங்கியிருக்கலாம்தான். வரலாறு விற்கிறவர்களுக்கு முதல் எண் பொறித்த கடிகாரம்தான் வேண்டும். முதல் எண் குளுட்டிக்கின் மணிக்கட்டில் இருந்தது.

விளம்பரப் பிரிவின் சாஸ்கியா தோர்மன் பூங்கொத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

"பூவெல்லாம் ரோஸ்விதாகிட்ட குடும்மா. செடிய எடுப்பீங்களா?"

"எடுத்துடுவோம்."

"பேரு?"

"அத... பார்க்கலாம், ஹெர் குளுட்டிக்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கழற்றிக் கொடுத்தார். பாதியாவது கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

கடிகாரத்தைத் திறந்தபோது பின்தகட்டில் நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் சாய்வாக ஒரு கோடு இருந்தது. ஆலையின் வெள்ளை அங்கிப் பொறியாளர்கள் மூன்று வாரம் கூட்டம் போட்டார்கள். எண்ணெய் வழிய வைத்த பாதை என்றார் ஒருவர். இன்னொருவர் கோணம் அளந்து இரண்டு பக்க அறிக்கை கொடுத்தார். கடைசியில், முதல் எண்ணில் இருப்பது எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். புது வரிசையின் ஐநூறு கடிகாரங்களையும் முதலில் பூட்டி, ஓடவிட்டு, கழற்றி, மெருகேற்றி, அதன்பின் நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கோட்டைக் கீறி, மறுபடி பூட்டினார்கள். ஒழுங்காகக் கோணலாகக் கீறுவதற்கென்று இரண்டு பேருக்குத் தனிப் பயிற்சி. அந்தக் கோட்டின் கதை எனக்குத் தெரியும். ஆனால் காபி ஊற்றுகிறவளை யார் கேட்டார்கள்?

வெளியீட்டு விழாவன்று ரப்பர் செடி ஆண்கள் கழிவறை வாசலுக்குப் போயிருந்தது. அந்த இடத்தில் புதுப் பலகை: '1977. தனியார் சேகரிப்பிலிருந்து.' அவ்வளவுதான். குளுட்டிக் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு புதுக் கடிகாரத்தை எடுத்து, கண்ணாடிப் பின்மூடி வழியாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"இந்தக் கோடு எதுக்குங்க?"

டாக்டர் ஹால்வெக் நிருபர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது நம்ம பள்ளத்தாக்கு மேல போன வால்நட்சத்திரம். நிறுவனரோட பேரன் இந்த ஊரை விட்டுப் போன ராத்திரியோட நினைவு."

"இது காபிங்க."

"மன்னிக்கணும்?"

"ரெண்டாவது தடவை பூட்டிட்டிருந்தேன். நம்ம ட்ரவுடலோட காபி வண்டி வந்து மேசையில மோதுச்சு. திருப்புளி வழுக்கிருச்சு. பரிசோதனையில தள்ளிட்டாங்க. அதனாலதான் எனக்குப் பாதி விலைக்குக் கெடச்சுது."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. கையில் பதினெட்டுக் கோப்பைகள். ஓடவும் முடியாது.

"காபிகூட இல்லீங்க" என்றேன். "அந்த வருஷம் காபிக்குத் தட்டுப்பாடு, பாதிக்குப் பாதி பட்டாணி வறுத்துக் கலந்தது."

டிரெஸ்டன் நிருபர் விழுந்து விழுந்து சிரித்தார். ஹாம்பர்க்கிலிருந்து வந்த வாடிக்கையாளர் உடனே இரண்டு கடிகாரம் எழுதி வைக்கச் சொன்னார். இருபத்துநான்காயிரம் யூரோ, ஒன்றுக்கு. ஹால்வெக்கின் முகம் மட்டும் சுண்ணாம்பாக இருந்தது. ஐநூறு தகடுகளிலும் கீறியாயிற்று. இனி அழிக்க வழியில்லை.

மறுநாளே வால்நட்சத்திரக் கையேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு அச்சடிக்க உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு சிக்கல். வழுக்கியது யார் கை? பெயர் போடாவிட்டால் நிறுவனத்தின் கை வழுக்கியதாக ஆகிவிடும் என்றார் வழக்கறிஞர். நிறுவனத்தின் கை வழுக்கக் கூடாது.

ஒரே வாரத்தில் பலகை மாறியது. 'சீக்மார் குளுட்டிக், 1977.' பித்தளை எழுத்து.

பார்க்க வந்த குளுட்டிக் தன் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"ஆயிரம் ஆயிரமா ஒழுங்காப் பூட்டினேன், செடி வச்சாங்க. ஒருதரம் வழுக்குச்சு, சுவத்துல ஏத்திட்டாங்க. பாத்தியா ட்ரவுடல்?"

"பார்த்தேன்."

"உன் பேரையும் போடச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

அவர் பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். ஒரு திருகாணி அரைச்சுற்று கோணலாக நின்றது. சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். நான்கு ஆணிகளையும் கழற்றி, பலகையை இறக்கி, பின்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடியும் பூட்ட ஆரம்பித்தார்.

நான் வண்டியை நான்கு அடி தள்ளியே நிறுத்தினேன்.