தையல் டீச்சர் முதுகுக்குப் பின்னால்

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, தண்டையார்பேட்டை இளைஞர்கள் சைக்கிள் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். ஆண்கள் பந்தயம் காலையிலேயே முடிந்துவிடும். சாயங்காலம் வரைக்கும் கூட்டத்தைப் பிடித்து வைக்கவேண்டுமே என்று பெண்களுக்கும் ஒன்று சேர்த்தார்கள். திருவொற்றியூர் தேரடியில் கிளம்பி ராயபுரம் கல்மண்டபத்தில் முடிக்கவேண்டும். அணிக்கு மூன்று பேர்; மூவரில் யார் முதலில் வந்தாலும் அணிக்கு ஜெயம்.

பெயர் கொடுத்தது இரண்டே அணிகள். ஒன்று ராயபுரத்து டெலிபோன் ஆபீஸ் பெண்கள். கவுன் போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குச் சைக்கிளில் பறக்கிறவர்கள். இன்னொன்று எங்கள் பள்ளிக்கூடம்: சயின்ஸ் டீச்சர், தையல் டீச்சர், மூன்றாம் வகுப்பு எடுத்த நான்.

வியூகம் வகுத்தவர் சயின்ஸ் டீச்சர். பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டார். ஒன்று பெரிது, இரண்டு சிறிது.

"சாயங்காலம் கடல்காத்து எதிர்ல அடிக்கும். தனியா போறவ செத்தா. ஒருத்தர் முன்னாடி போய் காத்தைத் தடுக்கணும். மத்தவங்க அவர் பின்னாடி ஒட்டிக்கிட்டு தெம்பை மிச்சம் பிடிக்கணும். கடைசி அரை மைல்ல இவ பாய்ஞ்சு போகணும்."

இவ என்றது என்னை. நான் அப்போது துடைப்பக்குச்சி மாதிரி இருப்பேன்.

தையல் டீச்சர் பெரிய வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா டீச்சர், என்னை செவுருன்றியா?"

"சுவர் இல்லைங்க, கேடயம்."

"அது இன்னா?"

"சுவர்தான். கொஞ்சம் மரியாதையான சுவர்."

தையல் டீச்சர் சிரித்துவிட்டார். தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர்; அந்த ரோட்டில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. பாயவேண்டிய நேரம் வந்ததும் அவர் இரண்டு தடவை மணி அடிப்பது, நான் முந்திப் போவது என்று முடிவாயிற்று. அவர் எதற்கெல்லாம் மணி அடிப்பார் என்று சயின்ஸ் டீச்சரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினோம். ஆரம்பம் பிரமாதம். தையல் டீச்சர் முன்னால் அசைந்து அசைந்து போக, பின்னால் என் தலைமயிர் கூடக் கலையவில்லை. கால் மைல் போயிருப்போம். டிங் டிங்!

இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றினாலும், உத்தரவு உத்தரவுதான். உயிரைக் கொடுத்து மிதித்தேன். டெலிபோன் பெண்கள் அலறி அடித்துக்கொண்டு துரத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் நடுரோட்டில் ஓர் எருமை நிற்கிறது, தையல் டீச்சர் அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்க்காற்றில் நான் ஒரு பர்லாங்கில் காலி. நாக்கைத் தொங்கப்போட்டபடி மறுபடி அவர் பின்னாலேயே வந்து ஒண்டிக்கொண்டேன்.

அடுத்த டிங் டிங், குழாயடியில் நின்ற அவருடைய அண்ணிக்கு. "அண்ணி! சோறு வடிச்சிட்டியா?" அதற்கும் பாய்ந்தேன். மூன்றாவது, ஒரு ஜட்காவுக்கு. இதற்குள் சயின்ஸ் டீச்சரின் முந்தானை செயினில் சிக்கி, அவர் ரோட்டோரம் நின்றுவிட்டார். "வியூகத்தை விட்டுடாதீங்க!" என்று அவர் கத்தியது கொஞ்ச தூரம் வரை கேட்டது.

ஒவ்வொரு தடவையும் என்னைத் துரத்தியதில் டெலிபோன் பெண்களும் களைத்துப் போயிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் என் பக்கத்தில் வந்து, "உங்க அக்கா பின்னாடி நாங்களும் வரலாமா? காத்தே இல்லை இங்கே" என்றாள். இடம் இருந்தது, நகர்ந்துகொண்டேன். தையல் டீச்சருக்குப் பின்னால் நாங்கள் நாலு பேரும் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். அவர்களுடைய மேலதிகாரியைப் பற்றி அவர்கள் சொல்ல, எங்கள் தலைமையாசிரியரைப் பற்றியும் அந்த டிங் டிங் உத்தரவைப் பற்றியும் நான் சொல்ல, பந்தயம் என்பதே மறந்துபோயிற்று.

கல்மண்டபம் நெருங்கியது. டிங் டிங்!

ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் டிங் டிங்.

"இது நிஜமா?" என்றாள் மூத்தவள்.

"எருமையா இருக்கும்" என்றேன்.

தையல் டீச்சர் எனக்கு வழிவிட இடது பக்கம் ஒதுங்கினார். பழக்கத்தில் நாங்கள் நாலு பேரும் இடது பக்கம் ஒதுங்கினோம். அவர் வலது பக்கம் போனார், நாங்களும் போனோம். "போ! போ!" என்று கத்தினார். வழி முழுக்க நாய்களை அப்படித்தான் விரட்டிக்கொண்டு வந்திருந்தார், அதனால் அதையும் நான் காதில் வாங்கவில்லை. கூட்டம் ஹோவென்று கத்தியபோதுதான் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது. முதலில் தாண்டியது தையல் டீச்சர்.

நாங்கள் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். மாலையும் கையுமாக நின்ற விழாத் தலைவர் இரண்டு வாலிபர்களைச் சைக்கிளில் அனுப்பினார். அவர்கள் வேறு மணி அடித்துக்கொண்டே துரத்தியதில் இவர் இன்னும் வேகம் எடுத்துவிட்டாராம். பாரிமுனைக்குப் பக்கத்தில்தான் மடக்க முடிந்தது.

"கோட்டைத் தாண்டினது தெரியலையா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரிஞ்சுது நைனா. இந்தப் பொண்ணு இன்னும் முந்தலையே! அது முந்தற வரிக்கும் நான் முன்னாடி போவணும்னு டீச்சர் சொல்லிகிறாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கழுத்தில் மாலை விழுந்தபோது எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. அந்த மாலைக்காக முதல் நாளே நான் தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தேன். அவரோ அதைக் கழற்றி ஆளுக்கு ஒரு துண்டு பூவாகப் பிய்த்து, டெலிபோன் பெண்களின் கொண்டையிலும் செருகிவிட்டார்.

சயின்ஸ் டீச்சர் ஒரு ஜட்காவில், சைக்கிளை மேலே கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெயித்தோம் என்று கேட்டதும், "வியூகம்னா சும்மாவா?" என்றார்.

ஒரு வாரம் கழித்து டெலிபோன் பெண்களிடமிருந்து தையல் டீச்சருக்குக் கடிதம் வந்தது. அடுத்த பந்தயத்தில் தங்கள் அணிக்கு வர முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார்கள். அவர் அதை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டார். போகமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.