விறகடுப்புக்காக வாங்கில் உட்கார்ந்த கதை

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்காக ஆபீசில் பேசப் போகிற வேலையில் பேசுவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாசலில் போட்ட வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது. கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் இடுப்பு வலித்திருக்கும்.

எங்கள் டவுன் மலைநாட்டில், பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் நடுவில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடைகள் ஒரே வரிசையாக இருக்கும். முதலில் ஹனீபா நானாவின் ஹோட்டல், கீழே சோறு, மேலே அவர் வீடு. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சுவரோடு ஒட்டினது என் தகரக் கடை. நானும் என் நாத்தனாரும் ரொட்டி, தோசை போடுகிறோம். அடுத்தது சுனில் அண்ணனின் அப்பக் கடை. எல்லாருக்கும் விறகடுப்பு. தோட்டத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி, மிலாறுதான் எனக்கு விறகு.

புகையைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது, இனி டவுனுக்குள் விறகடுப்பு கூடாது, கேஸ் மட்டும்தான் என்று பிரதேச சபையில் இருந்து சொல்லிவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் கொடுக்கிற விலைக்குக் கேஸில் ரொட்டி சுட்டால் எனக்கு எதுவும் மிஞ்சாது. அடுப்பு போனால் கடை போகும். கடை போனால் கைக்குழந்தையாக இருக்கிற என் பாப்பாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டு என் அக்கா மாதிரி நானும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அவர் அனுப்புவது கடனுக்கே சரி.

என்னை ஏன் எடுத்தார்கள்

ஹனீபா நானாதான் எங்கள் சங்கத் தலைவர். அவரும் சுனில் அண்ணனும் சபைச் சேர்மனைப் பார்க்கப் போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பியோன் வாசலிலேயே நிறுத்திவிடுவானாம். ஒரு நாள் யாரோ ஒரு பொம்பளை கைப்பிள்ளையோடு வந்தாளாம். அவளை உடனே உள்ளே விட்டார்களாம். நானா அதைப் பார்த்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

நான் ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடையிலேயே ஆட்கள் "எவ்வளவு?" என்று கேட்டால் நாத்தனார்தான் பதில் சொல்லுவாள். ஆபீசில் போய் என்ன பேசுவேன்? எனக்குப் பேச வராது நானா என்று மட்டும் சொன்னேன். நானா என் இடுப்பில் இருந்த பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

"பேச வாணாம் மகள். பேச நான் ஈக்கிறேன், சுனில் ஈக்கிறான். நீ புள்ளயத் தூக்கிக்கொண்டு முன்னால நில்லு, அது போதும்."

நானாவின் பத்து விஷயம்

பாப்பாவைப் பார்த்ததும் பியோன் கதவைத் திறந்துவிட்டான். நானா சொன்னது சரிதான். ஆனால் உள்ளேயும் ஒரு வாங்கு இருந்தது. அதில் சாப்பாட்டு நேரம் வரைக்கும் உட்கார்ந்தோம்.

நானா பத்து விஷயங்களை விரலில் எண்ணி வைத்திருந்தார். ஒன்று, கேஸுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் இந்த அடுப்புகள்தான் டவுனுக்குச் சோறு போட்டன. இரண்டு, தோட்டத்துச் சனங்கள் எங்களை நம்பித்தான் டவுனுக்கு வருகிறார்கள். சிங்களத்தில் அழகாகத்தான் பேசினார். மூன்றாவது விரலை மடக்கும்போது பாப்பா பசியில் கத்த ஆரம்பித்தாள். முறைப்பாடு செய்தது யார் என்று சுனில் அண்ணன் இடையில் கேட்டுப் பார்த்தார். அதைச் சொல்ல முடியாது என்றார் சேர்மன். பாப்பா நிறுத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தட்டிக்கொடுத்தேன். சேர்மன் கோபப்படவில்லை, பேனாவை மூடி வைத்தார்.

"முதல்ல பிள்ளைக்குச் சாப்பாடு குடுங்க. உங்க சங்கத்துல அதுதான் விஷயத்தைச் சுருக்கமாச் சொல்லுது."

ருசி பார்க்கக் கொண்டு போனது

பேசி ஆகாததைச் சாப்பாடு ஆக்கும் என்பது நானாவின் அடுத்த யோசனை. விறகில் சுட்ட அப்பத்தைச் சேர்மன் ஒரு தடவை தின்று பார்த்தால் கேஸ் பேச்சையே எடுக்க மாட்டார் என்றார். சுனில் அண்ணன் அப்பம் கொண்டு வந்தார், நான் மிளகாய் வைத்துக் கட்டச் சம்பல் இடித்துக் கொண்டு போனேன்.

சேர்மன் ஒரு அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டார். பக்கத்தில் பி.எச்.ஐ. மாத்தயா, கடைகளைப் பரிசோதிக்க வருகிற சுகாதார அதிகாரி, அவரும் எடுத்தார். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். இந்த ஓரத்து முறுகல் விறகில்தான் வரும், கேஸில் வரவே வராது என்று சேர்மனே சொன்னார். நானாவின் முகம் பெருநாள் மாதிரி ஆகிவிட்டது. அப்புறமும் சேர்மன், ருசி வேறு, புகை வேறு என்று எங்களை அனுப்பிவிட்டார். படியில் இறங்கும்போது, ருசியை ஒத்துக்கொண்டாரே, இதை வைத்தே அடிக்கலாம் என்று நானா துள்ளினார். சுனில் அண்ணன் வெறும் அப்பக் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அத மட்டும் பேச வேணாம் நானா. காலையில மழைதானே, விறகெல்லாம் ஈரம். வீட்டு கேஸ்லதான் சுட்டேன்."

கடையடைப்பு

மூன்றாவது யோசனை கடையை மூடுவது. ஒரு நாள் முழுக்க வரிசையில் ஒரு கடையும் திறக்கவில்லை. சபைக்காரர்கள் பட்டினி கிடந்தால் புத்தி வரும் என்று நினைத்தோம். அவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்து சோற்றுப் பார்சல் கொண்டு வருகிறவர்கள் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் எங்களிடம் சாப்பிடுகிறவர்கள் யார்? பஸ்காரர்கள், மரக்கறி லொறிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த தோட்டத்து ஆட்கள். அவர்கள்தான் வயிறு காய்ந்து நின்றார்கள்.

வெலிமடை பஸ் டிரைவர் ஒருவர் என் கடையின் மூடின பலகையைத் தட்டி, "சண்டை அவனுங்களோட, பட்டினி எங்களுக்கா?" என்று சத்தம் போட்டார். நான் உள்ளே பாப்பாவோடு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நானாவின் பின்கதவில் அந்த டிரைவரும் இன்னும் நாலைந்து பேரும் சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நானா அகப்பையோடு நின்றார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"கட பூட்டித்தான் ஈக்குது மகள். இது வீட்டுச் சோறு."

போட்டோ

கடையடைப்பு முடிந்து இரண்டாம் நாள், மாதக் கடைசிக்குள் அடுப்பை எடுக்க வேண்டும் என்று சபையில் இருந்து ஆள் வந்து சொன்னான். நாத்தனார் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் பாப்பாவுக்கு முகம் கழுவிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் பண்டாரவளைக்குப் போனேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாப்பா வழக்கம் போல இடுப்பில். நாங்கள் எங்கே போனாலும் அவள் முன்னால் இருப்பாளே, அந்தப் பழக்கம். போட்டோக்காரத் தம்பி கேமராவுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினான்.

"பிள்ளைய அந்தப் பக்கம் இறக்குங்க அக்கா. ஒரு ஆளுக்குத்தானே பாஸ்போர்ட்."

மாடியில்

அடுத்த நாள் நானாவின் மனைவி, எங்களுக்கு மாமி, மாடி ஜன்னலில் இருந்து கூப்பிட்டார். பாப்பாவைக் கொஞ்சம் மேலே கொண்டு வா, என் பேரனோடு விளையாடட்டும் என்றார். மாமி வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பாயில் பேரன் இருந்தான், பாப்பா வயதுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே போய் வந்தது. இழுப்பு. ஜன்னலை மாமி மூடித்தான் வைத்திருந்தார், இருந்தும் கண் எரிந்தது. அந்தப் புகையில் என் மிலாறு வாசம் இருந்தது.

முறைப்பாடு செய்தது தான்தான் என்று மாமியே சொன்னார். பி.எச்.ஐ. மாத்தயாவுக்குப் போன் எடுத்தாராம். நானாவுக்குத் தெரியாதா என்று கேட்டேன். சங்கம் சங்கம் என்று ஊரெல்லாம் திரிகிற மனுசனிடம் எப்படிச் சொல்வது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்த பிறகு எப்படி வரும்? பிள்ளைகள் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கரண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தன. ஆபீசில் ஒரு நாளும் வராத பேச்சு எனக்கு அங்கே வந்தது. "மாமி, அடுப்பு வேணாம்னு சொல்லாதீங்க. புகை வேணாம்னு சொல்லுங்க. உங்க கூரைக்கு மேல போற மாதிரி ஒரு தகரக் குழாய் வச்சிர்றோம். அடுப்பு போனா எனக்கு இந்தப் பிள்ளைய விட்டுட்டு வெளிநாடு போறதத் தவிர வேற வழி இல்ல" என்றேன். மாமி என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் முன்னாலேயே போனை எடுத்தார்.

"மாத்தயா, நான் அடுப்ப மூடச் செல்லல்ல. பொகயத்தான் என்ட வீட்டுக்குள்ள அனுப்ப வாணாம் எண்டு செல்றேன்."

நானாவின் வெற்றி

கடைசித் தடவை சேர்மனைப் பார்க்கப் போனபோது நானா மிச்ச விஷயங்களையும் எண்ணி வைத்திருந்தார். நாலாவது விரலில் சேர்மன் கையைக் காட்டினார். கூரைக்கு மேலே புகைக்குழாய் வைத்தால் அடுப்பு இருக்கலாம் என்றார். பி.எச்.ஐ. மாத்தயா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்ததும், "பேச வேண்டிய மாதிரி பேசினா நடக்கும், பாத்தியா" என்று நானா என்னிடம் சொன்னார். ஆமாங்க நானா என்றேன்.

கூரைக்குத் தகரப் பீலி அடிக்கிற பாஸ், தகர வேலைக்காரர், வந்து எங்கள் மூன்று கடைக்கும் குழாய் வைத்தார். முதல் நாள் அடுப்பு பற்றவைத்துவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். புகை கூரையைத் தாண்டி மூடுபனியோடு போனது. மாடி ஜன்னல் திறந்தே இருந்தது. இதையெல்லாம் பேப்பருக்கு எழுதலாமா, நானா வாசித்துவிட்டால் என்ன செய்வது என்று அப்புறம் ஒரு நாள் மாமியிடம் கேட்டேன்.

"எழுது மகள். அவர் பேப்பர்ல கிரிக்கெட்ட மட்டும்தான் வாசிக்கிற. ரெண்டு ரொட்டி மேல அனுப்பு."

அடுப்புக்காகவோ வேறு எதற்காகவோ ஆபீசுக்குப் போகிறவர்கள், வாங்கில் போய் உட்காருவதற்கு முன்னால் உங்கள் சங்கத் தலைவர் வீட்டு மாடிப்படியை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுப் போங்கள்.