ஆமென் மட்டும் தெரிந்தவர்

வெல்டருக்கு ஜெபம் செய்யத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர், ஆனாலும் தெரியாது. வீட்டில் அது மனைவியின் இலாகா. சாப்பாட்டு மேசையில் அவள் கண்ணை மூடி நாலு வரி சொல்வாள். இவர் 'ஆமென்' என்பார். முப்பத்தெட்டு வருடம் அந்த ஒரு சொல்லிலேயே காலத்தை ஓட்டிவிட்டார் மனிதர்.

அவள் போய் ஏழு மாதம். அன்றிலிருந்து அவர் அந்த மேசையில் உட்காரவில்லை. ஜெபிக்காமல் அங்கே சாப்பிட மனம் வரவில்லை. ஜெபிக்க வாய் வரவில்லை. அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். உடம்பு பாதியாகிவிட்டது. போதகர் வந்து, "மனசுல இருக்கிறத அப்படியே சொல்லுங்கய்யா" என்றார். மனதில் இருந்ததைச் சொல்லியிருந்தால் போதகர் எழுந்து ஓடியிருப்பார்.

கடைசியில் ஒரு ஞாயிறு மதியம், வெட்கத்தை விட்டு மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா சாப்பிடறதுக்கு முன்னாடி என்னம்மா சொல்லுவா?"

"என்னப்பா இது? தினம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன். கவனமெல்லாம் தட்டுல இருந்துச்சு. சொல்லும்மா."

மகள் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். தட்டை மேசையில் வைத்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, உரக்க வாசித்தார்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். நெருப்புல நிக்கிற இவர் கண்ணைக் காப்பாத்தும். இவர் கோவத்தைக் கொஞ்சம் குறைச்சிடும். எனக்கு அப்புறமும் இவரை வேளைக்குச் சாப்பிட வையும்…"

யார் அந்த 'இவர்' என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பெண்டாட்டியின் வாயால் தனக்காகத் தானே வேண்டிக்கொண்டிருக்கிறார்! சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது, அடக்கவில்லை. எதற்கு ஆமென் சொல்கிறோம் என்று ஒருநாள்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லையே!

தாளை மடித்து வைத்தார். அது அவளுடைய ஜெபம். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இனியும் அப்படித்தான் இருக்கும். மனம் வலித்தது. ஆனாலும் அந்த அறையில் தான் மட்டும் இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது.

"ஆண்டவரே," என்றார். "அவ கேட்டத குடுத்துட்டீரு. கண்ணு நல்லா இருக்கு. கோவம்தான் குறையல, அது என் தப்பு. எனக்குன்னு ஒண்ணும் வேணாம். நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் கூட உக்காரும், போதும்."

தட்டை அருகே இழுத்து, ஆறிப்போன சாப்பாட்டைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.