கெட்டிமேளம் அடித்த டிக்கி

எனக்கு சப்வூஃபர் ஆசை வந்தது எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்து டோல்கேட்டில். ஒரு நாள் காலை வரிசையில் நின்றிருந்தோம். பக்கத்து வரிசையில் ஓர் இளைஞன் வந்து நின்றான். எங்களுடையதைப் போலவே சின்ன வண்டி, அதே வெள்ளை நிறம். ஆனால் அவன் வண்டிக்குள்ளிருந்து தும் தும் என்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காதுக்கு வருவதற்கு முன்பே வயிற்றுக்கு வந்துவிட்டது. எங்கள் வண்டியின் கண்ணாடி நடுங்கியது. என் மனைவியின் மடியிலிருந்த டிபன் டப்பாவின் மூடி கிணுகிணுத்தது. அந்த நேரத்தில் எங்கள் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது வானிலை அறிக்கை.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பார்த்துவிட்டு, மரியாதையாகச் சத்தத்தைக் குறைத்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

அன்று முழுக்க அது என்னை அரித்தது. நான் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தருகிறவன். அன்றைய வகுப்பில் மூன்று முறை பாதியில் நின்று, என்ன சொல்ல வந்தேன் என்று அவர்களையே கேட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அந்தத் தும் தும் ஸ்பீக்கரை, அதாவது ஒரு சப்வூஃபரைப் போடப்போவதாக அறிவித்தேன்.

என் மனைவி கோலார் தங்கவயல்காரி. எங்கள் வீடு ஹெப்பகோடியில். மேம்பாலத்தைத் தாண்டி, என் கம்பெனிக்குப் போகும் வழியிலிருக்கும் ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிகளைச் சோதித்துத் தேறாதவற்றைத் திருப்பி அனுப்புகிற வேலை அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து என்னையும் அதே கண்ணால்தான் பார்த்துவருகிறாள். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்து, பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எத்தன இஞ்ச்?"

பதினைந்து என்றேன். கடைகளில் அதைவிடப் பெரிதாக எதையும் நான் பார்த்ததில்லை, அதனால்தான். அவள் எழுந்துபோய் டிக்கியைத் திறந்து, கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்தால் ஸ்டெப்னி எடுக்க முடியாது, ஊருக்குப் போகும்போது பைகளை நான் மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்றாள். பத்து இஞ்ச் போதும், அதுவும் மூடிய பெட்டியாக இருந்தால்தான் இடத்தை அடைக்காது என்றும் தீர்ப்புச் சொன்னாள். நானும் ஒத்துக்கொண்டேன். பெட்டியின் அளவு அவளுடையதாக இருக்கட்டும், அதற்குப் பலம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் என்னுடையது என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். அங்கே கார் ஸ்பீக்கர் விற்கும் கடைக்காரர் எங்கள் வயதுக்காரர்தான். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் உட்காரவைத்துப் பேசினார். முதலில் அவர் கேட்டது, நாங்கள் என்ன மாதிரிப் பாட்டு கேட்போம் என்பது. எல்லாமும் கேட்பேன் என்று நான் பொதுவாகச் சொன்னேன்.

"காலைல செய்தி கேப்பாரு," என்றாள் மனைவி. "சாயங்காலம் அதே செய்திய மறுபடியும் கேப்பாரு."

கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு பத்து இஞ்ச் சப்வூஃபர் ஒன்றை எடுத்து வைத்தார். அது முன்னூறு வாட்ஸ் தாங்கும். உள்ளே காயில் எனப்படும் கம்பிச்சுருள் இரண்டு, ஒவ்வொன்றும் நாலு ஓம். எனக்கு ஓம் என்றால் பிள்ளையார்தான் ஞாபகம் வரும். மனைவிக்குப் புரிந்தது. இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் இரண்டு ஓம் ஆகும், அந்த இரண்டு ஓமைத் தாங்குகிற ஆம்ப் வேண்டும் என்றாள். கடைக்காரர் தலையாட்டினார். என்னைத் தாண்டி அவர்களுக்குள் ஒரு நட்பு வளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் என் கண் வேறிடத்தில் இருந்தது. மேல் தட்டில் ஒரு ஆம்ப் பெட்டி. அதன்மேல் நெருப்புக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை பாய்கிறது. சிறுத்தைக்குக் கீழே நாலாயிரம் வாட்ஸ் என்று எழுதியிருந்தது. இதுதான் வேண்டும் என்று கை காட்டினேன். டோல் இளைஞன் என் முன்னால் சத்தத்தைக் குறைக்கும் காட்சி மறைந்து, அவன் வண்டியையே ஓரங்கட்டும் காட்சி வந்துவிட்டது.

மனைவி அந்தப் பெட்டியைத் திறந்து, ஆம்ப்பைப் புரட்டி, பக்கவாட்டில் செருகியிருந்த ஃப்யூஸைப் பார்த்தாள்.

"முப்பது ஆம்பியர் ஃப்யூஸு. வண்டி பேட்டரி பன்னெண்டு வோல்ட்டு. முன்னூத்தி அறுவது வாட்ஸுக்கு மேல உள்ளயே போவாது. நாலாயிரம் எப்டிங்க வெளிய வரும்?"

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. பெட்டியை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒரு மூலையில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் வேறொரு எண் இருந்தது.

"முன்னாடி இருக்குற நம்பர் சாருக்கு," என்றார். "பின்னாடி இருக்குறது உங்களுக்கு அக்கா."

கடைசியில் வாங்கியது சிறுத்தை இல்லாத ஒரு சாம்பல் நிற ஆம்ப். இரண்டு ஓமில் விடாமல் முன்னூறு வாட்ஸ் கொடுக்கும். ஏன் இவ்வளவு பொருத்தம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நமக்குப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்க்கிறாயே என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்காமல் விளக்கினாள். சப்வூஃபர் சாப்பிடுகிறவர், ஆம்ப் பரிமாறுகிறவர். குறைவாகப் பரிமாறினால் நான் சும்மா இருக்க மாட்டேன், சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவேன், ஆம்ப் திணறிக் கொரகொரக்கும், கம்பிச்சுருள் கருகும்.

பொருத்தி முடித்ததும் எதையாவது போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பதற்றத்தில் என் கை பழக்கமான இடத்துக்கே போய்விட்டது. செய்தி வாசிக்கும் அம்மாவின் குரல் பாதாளத்திலிருந்து எழுந்தது. நாளை லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்னது, ஊருக்கே விடுத்த மிரட்டல்போல் இருந்தது. கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிய பேஸ் திருகை, அதாவது அந்தத் தும் தும்மைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, கொஞ்சம் பின்னால் திருப்பினார். அந்த அம்மா மறுபடியும் பெண்ணானார்.

பிறகு இரண்டு மாதம் டோலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இளைஞனை மட்டும் மறுபடி பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் மைத்துனரின் மகள் கல்யாணம் வந்தது. மைத்துனர் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டருகிலேயே ஒரு மண்டபம். விடிந்தும் விடியாமலும் மின்சாரம் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மைக் செட் செத்தது. அதுகூடப் பரவாயில்லை, ஓசூரிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரர்களின் வேன் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மைத்துனர் வியர்த்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "மாப்ள, உங்க வண்டியில என்னமோ போட்டிருக்கீங்களாமே."

வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து, டிக்கி மண்டப வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினேன். கதவைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, போனில் ஒரு கெட்டிமேளத்தைத் தேடி எடுத்தேன். மேடை எனக்குத் தெரியாது, மண்டபம் அவ்வளவு நீளம். அதனால் மனைவி வாசலில் நிற்பாள், தாலி கட்டும் நேரத்தில் கையைத் தூக்குவாள், நான் அமுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. எல்லாருக்கும் கேட்க வேண்டுமே என்று பேஸை மட்டும் இருக்கிற உச்சத்துக்கு ஏற்றி வைத்தேன்.

மனைவி வாசலில் நின்றாள். ஒருவர் காபித் தட்டை நீட்டினார். வேண்டாம் என்று கையைத் தூக்கினாள்.

அமுக்கினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வாசலில் கட்டியிருந்த வாழைமரம் ஆடியதை நானே பார்த்தேன். வண்டியின் நம்பர் பிளேட் ஜிங்குஜிங்கென்று தனியாகத் தாளம் போட்டது. வரிசையாக நின்ற கார்களின் அலாரங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு ஊளையிட்டன. உள்ளே அப்போதுதான் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு வரிசை வரிசையாக எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்களாம். ஆனால் கெட்டிமேளம் கேட்டால் தமிழன் கை சும்மா இருக்குமா. மண்டபம் முழுக்க எழுந்து அட்சதையை வீசிவிட்டது. மாப்பிள்ளை கையில் ஒன்றுமில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தலையில் விழுகிற அரிசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காவது வரிசையில் தாலித் தட்டோடு நின்ற மாப்பிள்ளையின் அத்தை, கல்யாணம் தன்னை விட்டுவிட்டு நடக்கிறது என்று பதறி மேடைக்கு ஓடினார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "யாருப்பா அது" என்று மட்டும் கேட்டார்.

மனைவி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தாள். இன்னும் சத்தம் வேண்டுமென்கிறாள் என்று நினைத்து ஏற்றினேன்.

ஒருவழியாக நிறுத்தியபோது, டிக்கிக்குப் பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள். வேனிலிருந்து இறங்கி, தெருமுனையிலிருந்து இந்தச் சத்தத்தைப் பின்பற்றியே நடந்து வந்திருக்கிறார்கள். தவில்காரர் தங்கச் சங்கிலியும் ஜவ்வாது வாசனையுமாக இருந்தார். டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தவில்ல தும் தும்னு எடது பக்கம் மட்டும்தாங்க கேக்குது," என்றார். "வலது கையும் நாதஸ்வரமும் இன்னும் அத்திப்பள்ளியிலயே நிக்குதா?"

அதற்குள் அட்சதை தீர்ந்துபோயிருந்தது. சமையற்கட்டில் பச்சரிசி வாங்கி, அவசரமாக மஞ்சள் கலந்து, ஈரத்தோடு எல்லார் கையிலும் கொடுத்தார்கள். இரண்டாவது கெட்டிமேளத்தை உண்மையான தவில்காரர் வாசித்தார். தாலி ஏறியது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் புள்ளி.

மைத்துனர் கோபித்துக்கொள்வார் என்று பந்தியில் கடைசியாகப் போய் உட்கார்ந்தேன். அவரே வந்து இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வைத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைத் தேடுகிறார், தன் வண்டிக்கும் அதே மாதிரி வேண்டுமாம் என்றார். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் அந்தச் சித்தப்பாவை அனுப்பிவைத்தேன். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, அவர் வண்டிக்கு டிக்கி எவ்வளவு அகலம் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வண்டி மறுபடியும் ஜே.சி. ரோட்டில் நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே என் முழங்கால் பக்கம் இருந்த பேஸ் திருகைக் கழற்றி, இடது பக்கம், அவள் உட்காரும் இடத்தில் மாட்டச் சொன்னாள். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்து, இருக்கிற ஒயரே அக்கா பக்கம் வரைக்கும் எட்டும் சார், புதுசு வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.