அவனுக்கு ஒரு பிரவுசர், எனக்கு ஒரு பிரவுசர்

மலேசியாவின் கூலிமில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "அக்கா, இதுக்கு எந்த பிரவுசர் லா நல்லது? ரொம்ப பெலானா ஓடுது" என்பார்கள். மெதுவாக ஓடினால் பிடிக்காது, எல்லோருக்கும் வேகம் வேண்டும். எனக்கு எரிச்சல் வரும். வேகமாக ஓடி என்னத்தைக் கிழிக்கப் போகிறது என்று திட்டிவிட்டுத்தான் மெஷினைத் திறந்து பார்ப்பேன். இந்த அற்ப விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஒரு பிரவுசரைத் தேர்ந்தெடுத்தது உயிரோடு இருப்பதற்காக.

அப்போது பீடோங்குக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். குடிக்க மாட்டான், சிகரெட் கிடையாது, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். அதுதான் எனக்கு வந்த வினை. குடித்துவிட்டு அடிப்பவனுக்குத் தோட்டத்தில் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. பழியைப் போதையின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விடலாம். குடிக்காமல் அடிப்பவனுக்கு என்ன காரணம் சொல்வது? அதனால் காரணம் நான்தான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள் என் நாத்தனார். அவள் அண்ணனின் கை ஒரு வேலையை மட்டும்தான் செய்தது.

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பான். கதவைச் சாத்துவான். டிவி சத்தத்தைக் கூட்டுவான். பிறகுதான் தொடங்குவான். முகத்தில் அடிப்பது அபூர்வம். முதுகு, தொடை, வயிறு. வயிற்றில் உதைத்ததில் ஒரு முறை என் கரு கலைந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவமனையில் சொன்னேன். சொல்லச் சொன்னவன் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், தாதிகள் அவனைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். அவனை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று அந்தக் கை என் கையில் இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

என் கைப்பேசியை அவன் எப்போதோ ஸ்பேனரால் அடித்து நொறுக்கிவிட்டான். வீட்டில் வெளியுலகம் என்று மிச்சமிருந்தது ஒரு பழைய கணினி. தோட்ட ஆபீசில் புதிது வாங்கியபோது கழித்துக் கட்டியதை, பந்து ஆட்டம் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்தான். பகலில் நான் அதில் என்னவெல்லாம் பார்த்தேன் என்பதைச் சாயங்காலம் வந்து ஹிஸ்டரியைத் திறந்து வரிவரியாகப் படிப்பான். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சொல்லிக்கொடுத்த வித்தை அது.

ஒரு நாள் பிரவுசரின் மேற்பகுதியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்தது. இந்தக் கணினியின் விண்டோஸ் பழையது, இனி அப்டேட் வராது என்று எழுதியிருந்தது. அடுத்த சில நாட்களில் அவன் பந்து பார்க்கும் அகப்பக்கமும் திறக்க மறுத்தது.

"எத அமுக்குன?" என்றான்.

"நான் ஒண்ணும் அமுக்கல."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. இன்னைக்கு சப்போர்ட் இல்லன்னு எழுதுதே. சும்மாவா எழுதும்?"

கடிகாரத்தைக் கழற்றினான். அன்று முகத்தையும் விட்டுவைக்கவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒரு மென்பொருளைக் கைகழுவுகிறார்கள், அடி பீடோங்கில் எனக்கு விழுகிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் இடது தாடை இன்னும் வலிக்கிறது.

மறுநாள் பீடோங் கடைத்தெருவில் இருந்த கணினிக் கடைக்குப் போனோம். அவன் மோட்டார் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கணினிப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்திருந்தேன். கடைக்காரர் ஒரு தமிழர், நாற்பது வயதிருக்கும்.

"அண்ணே, இவ எதையோ தொட்டுக் கெடுத்துட்டா" என்றான் என் கணவன்.

"யாரும் கெடுக்கல லா. இது பழைய விண்டோஸ், கம்பெனிக்காரனே கைய விட்டுட்டான். இந்த பிரவுசரும் பழசுக்கு அப்டேட் குடுக்கறத நிறுத்திட்டான். புது விண்டோஸ் போட்டா இந்த மிஷின் தாங்காது. வேற பிரவுசர் போட்டு ஓட்டலாம், கொஞ்ச காலத்துக்கு ஓடும் லா."

அப்படியானால் நேற்று வாங்கிய அடி எதற்கு என்று நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. லோரிக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டும் என்று சொல்லி, "இங்கயே ஒக்காரு" என்று விரலைக் காட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போனான்.

கடைக்கார அண்ணன் என் தாடையைப் பார்த்தார். திருகாணிகளை மெதுவாகக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, ரெண்டு பிரவுசர் இருக்கு. ஒண்ணு சின்னது, வேகமா ஓடும். ஆனா பாதுகாப்பு கம்மி, நெறைய பக்கம் தொறக்காது. பந்து பாக்க அது போதும். இன்னொண்ணு கொஞ்சம் பெலான். ஆனா பழைய விண்டோஸுக்கும் அவன் இன்னும் அப்டேட் குடுக்கறான். பேங்கு, கவர்மெண்டு, வேலைக்கு மனு போடறது எல்லாம் அதுல தொறக்கும். எது வேணும் சொல்லு."

"எதுண்ணே நான் பாத்தத வெளிய சொல்லாது?"

அவர் கை நின்றது. தெருப்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "ரெண்டாவதுல, மூடுன ஒடனே எல்லாத்தையும் அழிக்கற மாதிரி வெச்சுத் தர்றேன். அதோட படம் ஸ்கிரீன்ல முன்னால தெரியாது. பேர நீ தட்டுனாத்தான் வரும். மொதலாவது அவருக்கு. ரெண்டாவது ஒனக்கு. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். கல்யாணமான பிறகு எனக்கென்று தனியாக ஒரு பொருள் கிடைத்தது அன்றுதான்.

அதன் பிறகு எனக்கு இரண்டு பிழைப்பு. காலையில் அவனுடைய பிரவுசரைத் திறந்து கோலம், சாம்பார், முருகன் பாட்டு, மறுபடி கோலம் என்று வரிசையாகத் தட்டிவைப்பேன். ஹிஸ்டரி காலியாக இருந்தாலும் சந்தேகம் வரும், அதனால் அதற்குத் தீனி போட்டேன். சாயங்காலம் அவன் அதைப் படித்துவிட்டு, "இப்பத்தான் ஒழுங்கா இருக்க" என்று சொல்வான். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது அவன் வாயிலேயே குத்த வேண்டும் போலிருக்கும். மற்ற நேரத்தில் என் பிரவுசர். அது திறப்பதற்குள் ஒரு கறி வைத்து இறக்கிவிடலாம். ஆனால் திறந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஆள் எடுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அதில்தான் மனு போட்டேன். வேலை எனக்கு இரண்டாம் பட்சம். அவர்கள் பெண்களுக்கு ஹாஸ்டல் கொடுத்தார்கள், வாசலில் காவலாளி உண்டு, ஆண்கள் உள்ளே வர முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த வாசல். அது கிடைக்காவிட்டால் இவன் கையால்தான் என் சாவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயுத பூசை வந்தது. லோரிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அவன் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தான். லோரியைக் கழுவினான், சாயம் அடித்தான். அவன் இருக்கும் வரை என் பிரவுசரைத் திறக்க வழியில்லை. பூசையன்று காலையில் சாமி மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து ஸ்பேனர், ஜேக், பாராங் கத்தி எல்லாவற்றையும் அடுக்கி, கத்தியின் அலகில் குங்குமம் பூசினான். கணினியையும் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்துச் சந்தனம் பூசினான். பெட்டியின் சுவிட்சு மேல் வட்டமாகக் குங்குமப் பொட்டு வைத்தான். பூசையில் வைத்த பொருளை மறுநாள் தீபம் காட்டி எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் பக்கத்தில் திருடன்கூட அந்தச் சட்டத்தை மதிப்பான்.

மதியம் லோரியைக் கோயிலுக்குக் கொண்டுபோனான். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நான் வயர்களை எடுத்து, துணிமேல் இருந்தபடியே கணினிக்கு மாட்டினேன். குங்குமப் பொட்டில் விரலை வைத்து அழுத்தினேன். மேடையில் இருந்த அம்மனைப் பார்த்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன.

தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்து கிடந்தது. வேலையும் ஹாஸ்டலில் இடமும் கொடுத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் கீழே உள்ள பட்டனை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இருந்தது. நான் அழுத்தப் போகும்போது வாசலில் லோரி வந்து நின்றது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

உள்ளே வந்தவன் கணினி ஓடுவதைப் பார்த்தான். என் விரல் நுனியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தான். திரையில் அவன் இதுவரை பார்த்தே இராத பிரவுசர். அன்று கடிகாரத்தைக் கழற்றவில்லை. முடியைப் பிடித்துத் தூக்கி என் தலையைச் சாமி மேடையின் விளிம்பில் அடித்தான். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் தரையில் ஓடியது. மறுபடி அடித்தான். வாய்க்குள் ஏதோ கழன்று நாக்கில் உருண்டது, பல். விழுந்த இடத்தில் விலாவில் உதைத்தான். நான் அவன் காலைப் பிடித்துக் கடித்தேன், சதை வரும் வரை விடக்கூடாது என்றுதான் கடித்தேன். அவன் கத்திக்கொண்டு என் வாயிலேயே மிதித்தான்.

பிறகு ஒன்று நடந்தது. அவனுக்குத் திடீரென்று பூசை ஞாபகம் வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே கணினிக்கு முன்னால் மண்டியிட்டான். கலைந்துபோன குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தெரியாமத் தொட்டுட்டா, மன்னிச்சிரு தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். தோட்ட ஆபீஸ் தூக்கிப்போட்ட ஒரு பழைய பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கிறான். எத்தனை வருஷம். என்னிடம் ஒரு நாள் கேட்டதில்லை, என் வயிற்றில் இருந்ததிடம் கேட்டதில்லை. என் உடம்பில் வலி நின்றுவிட்டது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பாராங் கிடந்தது. எடுத்தேன்.

அவன் திரும்பிப் பார்த்து வெளுத்துப்போனான். "அதத் தொடாத. இன்னைக்கு அதத் தொடாத" என்றான்.

வீசினேன். குறி பார்த்து வீசவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அவன் கழுத்தைப் பார்த்துத்தான் வீசினேன். அவன் பின்னால் துள்ளியதில் கத்தி கதவு நிலையில் இறங்கிச் சில்லு தெறித்தது. அடித்தே பழகியவனுக்கு அடியிலிருந்து தப்பத் தெரியாது. படிக்கட்டில் தடுக்கி முற்றத்தில் உருண்டான். நான் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பின்கதவுக்கு உள்பக்கம் எப்போதும் பூட்டுத் தொங்கும், நான் அந்த வழியாக ஓடிவிடக்கூடாது என்று அவனே போட்ட பூட்டு. அன்று அவனால் அந்த வழியாக உள்ளே வர முடியவில்லை.

பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றத் தொடங்கியது. வெளியே அவன் கதவை உதைத்தான். "தொற. கொன்னுருவேன்." வட்டம் சுற்றியது. தாழ்ப்பாளின் ஆணி ஒன்று தெறித்து விழுந்தது. வலது கை மவுசில், இடது கையில் பாராங், வாயிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தான், சில் ஒன்று என் காதைக் கீறிக்கொண்டு போனது. ஓடித் தொலை, ஓடித் தொலை என்று அந்த மெஷினைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது என்று மலாயில் எழுதியிருந்தது. பிரவுசரை மூடினேன். மூடியதும் அது எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

அடையாளக் கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நானே கதவைத் திறந்தேன். கத்தியை ஓங்கியபடிதான் வெளியே வந்தேன். அவன் கையில் கல்லோடு பின்வாங்கி லோரியில் முதுகு ஒட்ட நின்றான். நான் அவனைத் தாண்டி நடந்தேன். அடிக்கவில்லை, துரத்தவில்லை. செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"கத்தியக் குடுத்துட்டுப் போ. பூச முடியல."

பெரிய சாலையில் ஒரு மலாய்க்கார அம்மா காடியை நிறுத்தினார். கத்தியைப் பார்த்த பிறகும் கதவைத் திறந்துவிட்டார். நேராகப் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

நான் பாராங்கை மேசைமேல் வைத்தேன். அங்கிருந்த பெண் போலீஸ் எழுந்து நின்றுவிட்டார். அலகில் இருந்த சிவப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது யாருடைய ரத்தம் என்று கேட்டார்.

கத்தியில் இருப்பது குங்குமம், மற்றதெல்லாம் என்னுடையது என்றேன்.