அக்கா நடந்து தாண்டிய எல்லை

நேற்று என் மகள் கல்லூரியில் கூட்டிப்போன படிப்புப் பயணத்தில் ஜெர்மனி போய் இறங்கினாள். இறங்கியதும் ஒரு வார்த்தை அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள். விமானம் இறங்கிவிட்டது என்று என் கணவரின் செல்போன் காட்டிய பிறகும் ஐந்து மணி நேரம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்குள் ஒரே குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். அவளுடைய தோழியின் அம்மாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். கடைசியில், சிம் வாங்க வரிசையில் நின்றதாகச் சாவகாசமாக எழுதி அனுப்பினாள். அதைப் படித்த பிறகும் செல்போனைக் கீழே வைக்கவில்லை. இதை எழுதும்போதும் அது பக்கத்தில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும், எங்கள் வீட்டிலிருந்து படிப்புக்காக வெளிநாடு போன முதல் பெண் இவள் இல்லை. என் அக்கா போயிருக்கிறாள். அவள் வெளிநாட்டில் கால் வைத்த அந்த முதல் நாளில் எனக்குப் பத்து வயது. அன்று எனக்குத் துளிகூடப் பயம் இருக்கவில்லை.

அப்போது நாங்கள் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டப் போவாள். அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் வருடம். காலையில் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பஸ் அதில் மாட்டிக்கொண்டால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இறங்கி, ஓரமாக நடந்து எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு, பின்னால் ஊர்ந்து வரும் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். நடந்து போகிறவர்களை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. எல்லை என்பது லாரிகளுக்கு உண்டான தொந்தரவு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தக் கோடையில் மலைச் செடிகளைப் பார்ப்பதற்காக அக்காவின் கல்லூரியில் நாற்பது பேரை நேபாளத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்கள். அப்பா ஒரு வாரம் முடியாது என்றார். பாஸ்போர்ட்கூட வேண்டாம், நம்முடைய செக்போஸ்ட்டைத் தாண்டுகிற மாதிரிதான் என்று சொல்லிச் சொல்லி அக்கா அவரைக் கரைத்தாள். அத்திப்பள்ளி மாதிரி என்றதும் அப்பாவுக்கும் பாதி தைரியம் வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். சிங்காரப்பேட்டையிலிருந்த அவருடைய தங்கை, என் அத்தை, தன் மகனுக்கு அக்காவைக் கேட்டு இரண்டு வருடமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

"போய்ட்டு வா. ஆனா அங்க போயி அது ஆச்சு, இது ஆச்சுன்னு ஒரு சேதி வந்துச்சுன்னா, அதோட காலேஜு முடிஞ்சுது. தை மாசம் உங்க அத்தை வூட்டுக்கு நீ மருமக."

அப்பா சொன்னால் செய்கிறவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. மாடியில் வீட்டுக்கார அம்மாவிடம்தான் இருந்தது. அக்காவின் பஸ் நேபாளத்துக்குள் நுழைகிற அன்று மாலை ஆறு மணிக்கு, அப்பா ஷிப்ட் முடிந்து வந்திருக்கும் நேரத்தில், அவள் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் போன் வந்தது பகல் இரண்டு மணிக்கு. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். தெலுங்குக்காரரான வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து கூப்பிட்டார். "பாப்பா, ஓடியா. உங்க அக்கா போனு."

"அப்பா இருக்காரா?" என்றாள் அக்கா.

"ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு."

"அம்மா?"

"தோட்டத்துல."

அக்கா அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னது இதுதான். எல்லையில் ஏதோ பேப்பர் வேலைக்காக பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வெயில். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, அக்கா எங்கள் ஊர் வழக்கப்படி இறங்கி நடந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. செக்போஸ்ட்டில் இறங்கி நடப்பதை யாராவது சொல்லிவிட்டா செய்வார்கள்? நேபாளத்துக்குள் போய், டீ குடித்து, பஸ்ஸை எதிர்பார்த்து நின்றாள். மூன்று மணி நேரமாகியும் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் பழைய இடத்திலும் பஸ் இல்லை. துணி, பை எல்லாம் பஸ்ஸில். கையிலிருந்த சில்லறையில்தான் ஒரு பூத்திலிருந்து பேசுகிறாள். பேசுகிற பாஷை யாருக்கும் புரியவில்லை.

எனக்கு இதில் அழ என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

"ஏன்க்கா அழுவுற? பஸ்சு அந்தப் பக்கம் வந்துதான ஆவணும். அத்திப்பள்ளில நிக்கற மாதிரி டீக்கடைகிட்டயே நில்லு. அப்புறம், எனக்கு பென்சில் டப்பா மறந்துடாத."

அக்கா அழுகையோடேயே சிரித்துவிட்டாள். "சரிங்க பெரிய மனுஷி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா. அப்பா காதுக்குப் போச்சுன்னா என் படிப்பு போச்சு."

இணைப்பு அறுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா இரண்டடி தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் போனில் ஒருத்தி அழுதால் அறை முழுவதும் கேட்கும். நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கீழே வந்து, விட்ட இடத்திலிருந்து பாண்டி ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

மாலையில் அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடிக்கே போய்விட்டார். நான் மூச்சிரைக்க ஏறிப் போனபோது வீட்டுக்கார அம்மா அவரிடம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"அக்கா போன் பண்ணாளா கண்ணு? என்ன சொன்னா?"

நான் அளந்தேன். எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். மலையெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதாம், அக்கா சிரித்துக்கொண்டே பேசினாள் என்றேன். அப்பா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பினார்.

"பாப்பா சொல்லிடுச்சுங்க. நல்லபடியா போய்ச் சேந்துட்டாளாம். இவங்கம்மாகிட்டயும் இதையே சொல்லிருங்க."

நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. காலையிலேயே மாடிக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கிரிக்கெட் பார்க்கத்தான் லீவு போட்டிருக்கிறார் என்று நானும் சந்தோஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். யார் அவுட் ஆனாலும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். சாயங்காலம் அக்காவே பேசினாள். அப்பா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். பேசி முடித்த பிறகும் ரிசீவரை வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

எல்லையில் பேப்பர் வேலை முடியும்வரை பஸ்ஸைப் பக்கத்திலிருந்த ஒரு வளாகத்துக்குள் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டிப்போன வாத்தியார் இந்தியப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில்தான் அந்த டீக்கடையில் அக்காவைக் கண்டுபிடித்தாராம். ஊருக்கு வந்ததும் அக்கா இதையெல்லாம் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆடி மாதம் அத்தை வந்தாள். தை மாதத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா அடுப்படியில் அசையாமல் நின்றாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இல்லம்மா. அவ படிக்கட்டும்" என்றார் அப்பா. "பாஷை தெரியாத ஊர்ல தனியா நின்னு சமாளிச்சிட்டு வந்தவ. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல."

நாற்பது பேரோடு போய்வந்தவளை அப்பா ஏன் தனியா என்றார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.